ரேட்டிங் எட்டு என்றார்கள், கால்குலஸ் இல்லை

ஜூலை பிறந்தால் எனக்கு இந்த மாதிரி அழைப்புகள் வந்துவிடும். ஜூன் கடைசியில் இங்கே அமெரிக்காவில் டாக்டர்களின் ரெசிடென்சி பயிற்சி முடியும். ஜே-1 வெய்வர் (பயிற்சி முடிந்ததும் நாடு திரும்ப வேண்டும் என்ற விசா நிபந்தனையிலிருந்து விலக்கு) கிடைத்த டாக்டர், மூன்று வருட ஒப்பந்தத்துக்காக ஏதோ ஒரு கிராமப்புறக் கவுண்டிக்கு (நம் ஊர் மாவட்டம் மாதிரி) குடும்பத்தோடு கிளம்புவார். கான்ராட் 30 திட்டத்தில் ஒவ்வொரு மாநிலமும் வருடத்துக்கு 30 டாக்டர்களை இப்படி எடுக்கலாம். அதில் நம்மவர்களும் இருக்கிறார்கள்.

இந்த முறை அழைத்தவரின் கணவர் ஊரில் பல வருடம் பிராக்டிஸ் செய்துவிட்டு, இங்கே வந்து மறுபடி ரெசிடென்சி செய்தவர். அதனால் மகள் பெரியவள், பதினொன்றாம் வகுப்புக்குப் போகிறாள். "அக்கா, வீடு வாங்கி க்ளோஸ் பண்ணியாச்சு. ஸ்கூல் ரேட்டிங் பத்துக்கு எட்டுன்னு பார்த்துத்தான் வாங்கினோம். இப்ப ஸ்கூல் கவுன்சிலர் சொல்றாங்க, ப்ரீகால்குலஸுக்கு மேல அங்க கணக்கே கிடையாதாம்." அந்தப் பெண் ப்ரீகால்குலஸைப் பத்தாவதிலேயே முடித்துவிட்டாள்.

கிச்சன் கவுன்டர் கிரானைட்டா குவார்ட்ஸா, கூரை போட்டு எத்தனை வருடம், செப்டிக் டேங்க் கடைசியாக எப்போது சுத்தம் செய்தது என்று வீட்டைப் பற்றி அத்தனை கேட்கிறோம். பிள்ளை நாள் முழுக்க இருக்கப்போகும் இடத்துக்கு மட்டும் ஓர் எண் போதும் என்று யார் சொன்னார்கள்?

நான் ஒரு வட்டாரக் கல்விச் சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். டெக்சஸில் ஈஎஸ்சி, அயோவாவில் ஏஇஏ, ஜார்ஜியாவில் ரீசா, கொலராடோவில் போசிஸ் என்று மாநிலத்துக்கு ஒரு பெயர். தனியாக ஒரு தரவு ஆளை வைத்துக்கொள்ள முடியாத சின்ன ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்களுக்கு (ஒரு பகுதியின் பள்ளிகளை நடத்தும் அமைப்புகளுக்கு) தேர்வு முடிவுகளைப் படித்துச் சொல்வது என் வேலை. அதனால் இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பது எனக்குத் தெரியும். அவற்றை வைத்து ஒரு குடும்பம் ஊரை முடிவு செய்யும்போது வயிற்றைக் கலக்குகிறது.

வீடு தேடும் தளத்தில் பச்சை வட்டத்துக்குள் தெரிகிற அந்த எண்ணில் ஒரு முக்கியப் பங்கு, மாநிலத் தேர்வில் 'ப்ரொஃபிஷியன்ட்' (தேர்ச்சி) கோட்டைத் தாண்டிய பிள்ளைகளின் சதவீதத்திலிருந்து வருகிறது. அந்தச் சதவீதம் முதலில் சொல்வது, அந்த ஊரில் யார் குடியிருக்கிறார்கள் என்பதைத்தான். பெற்றோர் படித்தவர்கள், வருமானம் உண்டு, மூன்று வயதில் மடியில் உட்கார்த்திப் புத்தகம் படித்துக் காட்டியிருக்கிறார்கள் என்றால், அந்தப் பிள்ளை கிண்டர்கார்டன் வாசலிலேயே முன்னால் நிற்கும். பள்ளி அதற்கு என்ன சேர்த்தது என்பது தனிக் கேள்வி. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஷான் ரியர்டன் குழுவினர் நாடு முழுவதும் மூன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான தேர்வு முடிவுகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து பார்த்தார்கள். சராசரி மதிப்பெண், குடும்பங்களின் பொருளாதார நிலையோடு மிக நெருக்கமாக ஒட்டிப் போகிறது. பிள்ளைகள் ஒரு வருடத்தில் எவ்வளவு கற்கிறார்கள் என்கிற வேகமோ அதோடு அவ்வளவாக ஒட்டவில்லை. அதாவது, மூன்று என்று சிவப்பில் நிற்கிற பள்ளி வருடத்துக்கு ஒன்றேகால் வருடப் பாடத்தைப் பிள்ளைகளுக்கு ஏற்றிக்கொண்டிருக்கலாம். எட்டு என்று பச்சையில் இருக்கிற பள்ளி, பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்ததை அப்படியே வைத்துக் காத்துக்கொண்டிருக்கலாம்.

இதை நான் எத்தனை முறை சொன்னாலும், "அப்படின்னா எட்டு நல்ல ஸ்கூல் இல்லையா?" என்றுதான் அடுத்த கேள்வி வருகிறது. நல்ல பள்ளியாக இருக்கலாம். அந்த எண்ணை வைத்துக்கொண்டு அதை யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் நான் சொல்வது. கற்கும் வேகத்தைத் தனியாகப் பாருங்கள். ஸ்டான்ஃபோர்டின் எஜுகேஷனல் ஆப்பர்சூனிட்டி ப்ராஜெக்ட் தளத்தில் கவுண்டி, டிஸ்ட்ரிக்ட், பள்ளி என்று மூன்று மட்டத்திலும் வரைபடமாகவே இருக்கிறது, இலவசம். பல மாநிலங்கள் பள்ளிகளைப் பற்றித் தாங்கள் வெளியிடும் ரிப்போர்ட் கார்டிலும் 'க்ரோத்' (வளர்ச்சி) என்று தனியாகப் போடுகின்றன. டென்னசியின் டிவாஸ், கொலராடோவின் மீடியன் க்ரோத் பெர்சன்டைல் எல்லாம் அதுதான். பெர்சன்டைல் ஐம்பதுக்குப் பக்கத்தில் இருந்தால், ஒரே மாதிரித் தொடங்கிய மற்ற பிள்ளைகளின் அளவுக்கு முன்னேறுகிறார்கள் என்று அர்த்தம். அது பாஸ் மார்க் மாதிரி இல்லை, பயப்படாதீர்கள்.

இது நகரத்துக்கும் பொருந்தும். கிராமப்புறத்தில் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது: பிள்ளைகளின் எண்ணிக்கை. ஒரு வகுப்பில் மொத்தமே 14 பேர் என்று வையுங்கள். 6 பேர் கணக்கில் கோட்டைத் தாண்டினால் 43 சதவீதம். அடுத்த வருடம் வேறு 13 பிள்ளைகள் அந்த வகுப்புக்கு வருகிறார்கள், 9 பேர் தாண்டுகிறார்கள், 69 சதவீதம். அதே டீச்சர், அதே புத்தகம், அதே அறை. "ஒரே வருடத்தில் 26 புள்ளி ஏற்றம்" என்று உள்ளூர்ப் பேப்பரில் செய்தி வரும். அதற்கடுத்த வருடம் 15 பேரில் 8 பேர், 53 சதவீதம். உடனே பள்ளி நிர்வாகக் குழுவின் போர்டு மீட்டிங்கில் பிரின்சிபாலைக் கேள்வி கேட்பார்கள். 14 பேர் வகுப்பில் ஒரு பிள்ளைக்குத் தேர்வன்று காய்ச்சல் என்றால் 7 புள்ளி போய்விடும். மூன்று வருடத்தையும் கூட்டினால் 42 பேரில் 23 பேர், 55 சதவீதம். ஓரளவு நம்பக்கூடிய எண் இதுதான். ஆகவே சின்னப் பள்ளி என்றால் ஒரு வருடத்து எண்ணைத் தொடவே தொடாதீர்கள். குறைந்தது மூன்று வருடம் சேர்த்துப் பாருங்கள். பட்டம் பெறும் விகிதமும் அப்படித்தான். கடைசி வகுப்பில் எட்டே பேர் இருக்கும் ஹைஸ்கூலில் ஒருவர் நின்றுவிட்டால் 100 சதவீதம் 87.5 ஆகிவிடும்.

ரிப்போர்ட் கார்டில் பல இடங்களில் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி இருக்கும். "ஆசியர் வரியில ஒண்ணுமே இல்லையே அக்கா, நம்ம பசங்களைக் கணக்கிலேயே எடுக்க மாட்டாங்களா?" என்று ஒருவர் வருத்தப்பட்டார். அதில் வருத்தப்பட எதுவும் இல்லை. மூன்று பேர் மட்டும் உள்ள ஒரு பிரிவின் மதிப்பெண்ணைப் போட்டால் யாருடையது என்று ஊருக்கே தெரிந்துவிடும். மாணவர் தகவலைக் காக்கும் ஃபெர்ப்பா சட்டம் 1974-லிருந்து இருக்கிறது, அதற்காகத்தான் மறைக்கிறார்கள்.

இரண்டு மாநிலங்களில் ஆஃபர் வைத்துக்கொண்டு, "இங்கே 62 சதவீதம், அங்கே 41, அதனால இங்கே" என்று எக்செல் போடுகிறவர்களுக்கு: தயவுசெய்து வேண்டாம். அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவு செய்கிறது. விஸ்கான்சினும் ஓக்லஹோமாவும் 2024-இல் கோட்டை நகர்த்தின, சதவீதம் ஏறியது. பிள்ளைகள் ஒரே வருடத்தில் அவ்வளவு கூடுதலாகக் கற்றுவிடவில்லை. மாநிலங்களை ஒப்பிட நேப் என்ற தேசியத் தேர்வு இருக்கிறது, ஆனால் அது உங்கள் கவுண்டிக்குத் தனியாக முடிவு தராது. மாநிலம் தாண்டி ஒப்பிட வேண்டுமென்றால் மறுபடி அந்த ஸ்டான்ஃபோர்ட் வரைபடத்துக்குத்தான் போக வேண்டும்.

அப்புறம், கவுண்டி வேறு, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் வேறு. ஃப்ளோரிடாவில் 67 கவுண்டி, 67 டிஸ்ட்ரிக்ட், இரண்டும் ஒன்றுதான். வெஸ்ட் வர்ஜீனியாவிலும் அப்படியே. டெக்சஸில் 254 கவுண்டிகளுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட டிஸ்ட்ரிக்ட்கள். எல்லைகள் கவுண்டிக் கோட்டை மதிப்பதில்லை. ஜார்ஜியாவில் சில கவுண்டிகளுக்குள் நகரப் பள்ளிகள் தனி அமைப்பாக நிற்கும். இல்லினாயில் சில இடங்களில் எட்டாவது வரை ஒரு டிஸ்ட்ரிக்ட், ஹைஸ்கூல் இன்னொரு டிஸ்ட்ரிக்ட். கிராமத்தில் தபால் முகவரியில் இருக்கிற ஊர்ப்பெயர் ஒன்று, பிள்ளை போகிற பள்ளி வேறொன்று என்பது சாதாரணம். வீட்டு விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். டிஸ்ட்ரிக்ட் ஆபீஸுக்குப் போன் செய்து கதவு எண்ணோடு முகவரியைச் சொல்லிக் கேளுங்கள். அதே அழைப்பில் பஸ்ஸையும் கேளுங்கள்: காலையில் எத்தனை மணிக்கு ஏற வேண்டும், எத்தனை மணிக்குப் பள்ளியில் இறக்குவார்கள். ஆறு வயதுப் பிள்ளை இருட்டில் ஏறி ஒரு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் தடங்கள் எங்கள் வட்டாரத்தில் உண்டு. எந்த ரிப்போர்ட் கார்டிலும் அது வராது.

இலவச மதிய உணவுச் சதவீதத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளி உணவு பற்றிய 2010 சட்டத்தின்படி வந்த கம்யூனிட்டி எலிஜிபிலிட்டி திட்டத்தில் சேர்ந்த பள்ளி எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகவே போடுகிறது. 100 சதவீதம் என்று இருந்தால் எல்லோரும் ஏழைகள் என்று அர்த்தமில்லை.

ஹைஸ்கூல் பிள்ளை இருக்கிற வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது ரேட்டிங்கை அல்ல, பாடப் பட்டியலை. ஹைஸ்கூலில் மாநிலத் தேர்வு ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் ஒரு முறை இருந்தாலே மத்திய சட்டத்துக்குப் போதும், அதிலிருந்து அங்கே என்ன பாடங்கள் நடக்கின்றன என்று தெரியாது. மத்தியக் கல்வித் துறையின் சிவில் ரைட்ஸ் டேட்டா கலெக்ஷன் தளத்தில் பள்ளிப் பெயரைப் போட்டால் கால்குலஸ், ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி வகுப்பு உண்டா, கல்லூரி மட்டத்து ஏபி பாடங்கள் எத்தனை, கவுன்சிலர்கள் எத்தனை பேர் என்று வரும். அது சில வருடம் பழையது, சின்னப் பள்ளியில் ஒரு டீச்சர் ஓய்வு பெற்றால் ஃபிசிக்ஸே போய்விடும். அதனால் 'கோர்ஸ் கேட்டலாக்' அனுப்பச் சொல்லி வாங்குங்கள். வாங்கியதும், "இதில் இந்த வருடம் உண்மையில் நடக்கிற வகுப்புகள் எவை?" என்று கேளுங்கள். பட்டியலில் இருக்கும், ஆள் சேராததால் நடக்காது. இப்படி நிறையப் பார்த்திருக்கிறேன்.

கால்குலஸ் இல்லையென்றால் ஊரையே ஒதுக்க வேண்டியதில்லை. பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜோடு ட்யூவல் என்ரோல்மென்ட் (ஹைஸ்கூலில் இருந்தபடியே கல்லூரிப் பாடம் படிப்பது) இருக்கிறதா, மாநில இணையப் பள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். ஃப்ளோரிடா வர்ச்சுவல் ஸ்கூல் 1997-லிருந்து நடக்கிறது. ஜார்ஜியா, நார்த் கரோலினா, மொன்டானாவிலும் இப்படி உண்டு. என்னை அழைத்தவரின் மகளுக்கும் கடைசியில் இணைய வகுப்புதான் ஏற்பாடானது. லைப்ரரியில் தனியாக உட்கார்ந்து, கேள்வி கேட்கப் பக்கத்தில் ஆளில்லாமல் கால்குலஸ் படிப்பது எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துவராது. உங்கள் பிள்ளை அப்படிப் படிக்கக்கூடியதா என்பதை வீடு வாங்கும் முன்னால் யோசித்துவிடுங்கள்.

ஐஇபி (சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைக்கான தனித் திட்டம்) இருக்கிற பிள்ளை என்றால் இன்னும் கவனம். புது டிஸ்ட்ரிக்ட் அதற்கு இணையான சேவையை ஆரம்பத்திலிருந்தே தர வேண்டும் என்பது சட்டம். சேவை தருகிற ஆள் இருக்க வேண்டுமே. எங்களைப் போன்ற மையத்திலிருந்து போகும் ஸ்பீச் தெரபிஸ்ட் ஒரே ஆள், பல டிஸ்ட்ரிக்ட்டுக்கும் காரில் சுற்றுவார். வாரத்தில் எந்த நாள் வருகிறார், அந்த இடம் இப்போது காலியாக இருக்கிறதா என்று ஸ்பெஷல் எஜுகேஷன் டைரக்டரிடம் நேராகக் கேளுங்கள். ஐஇபி காகிதங்களைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பழைய பள்ளி அனுப்பும் என்று காத்திருக்க வேண்டாம்.

சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி கேட்பார்கள். தமிழ் பேசினால் தமிழ் என்றே எழுதுங்கள். 'ஆங்கிலம்' என்று எழுதிவிட்டு, பிள்ளைக்கு உதவி கிடைக்கவில்லை என்று நவம்பரில் வந்து நிற்பதை இனியாவது விட்டுவிடுவோம். ஒரு சின்ன ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள், பிள்ளை தேறிவிட்டால் அதோடு முடிந்தது.

இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் வாரத்துக்கு எத்தனை நாள் பள்ளி என்று கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். கொலராடோவில் பாதிக்கு மேற்பட்ட டிஸ்ட்ரிக்ட்கள் வாரம் நான்கு நாள்தான். மிசூரியிலும் மொன்டானாவிலும் நிறைய. வெள்ளியோ திங்களோ சின்னப் பிள்ளையை எங்கே விடுவது என்பதற்கு அந்த ஊரில் டேகேர் இருக்கிறதா என்று அப்போதே பாருங்கள்.

ரிப்போர்ட் கார்டில் நான் முதலில் திறக்கிற பக்கம் ஆசிரியர்கள் பற்றியது. அனுபவம் குறைந்தவர்கள், தற்காலிகச் சான்றிதழில் இருப்பவர்கள், தன் பாடமல்லாததை நடத்துபவர்கள் எத்தனை சதவீதம் என்று 2015 மத்தியக் கல்விச் சட்டத்தின்படி போட்டாக வேண்டும். அடுத்தது, பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வராத பிள்ளைகளின் சதவீதம். இந்த இரண்டும் மூன்று வருடமாக ஏறிக்கொண்டே போனால், மதிப்பெண் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் யோசிப்பேன்.

பள்ளி அங்கேயே இருக்குமா என்பதும் ஒரு கேள்வி. ஆர்கன்சாவில் 350 பிள்ளைகளுக்குக் கீழே போன டிஸ்ட்ரிக்ட்களை இணைக்கச் சட்டமே போட்டு, பல ஊர்களில் பள்ளி போனது. பத்து வருடச் சேர்க்கை எண்ணிக்கையைத் தேசியக் கல்விப் புள்ளிவிவர மையத்தின் தளத்தில் பார்க்கலாம். டிஸ்ட்ரிக்ட் தளத்தில் போர்டு மீட்டிங் குறிப்புகளைக் கடைசி ஒரு வருடத்துக்குப் படியுங்கள். 'கன்சாலிடேஷன்' (இணைப்பு), 'லெவி' (பள்ளிக்கான வரி) என்ற சொற்கள் அடிக்கடி வந்தால் போன் செய்து விசாரியுங்கள்.

இதையெல்லாம் மே மாதத்துக்குள் செய்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். சின்ன டிஸ்ட்ரிக்டில் அதன் தலைமை அதிகாரியான சூப்பரின்டென்டென்டே போனை எடுத்துப் பேசுவார், பள்ளி நாளில் வந்து பாருங்கள் என்று கூப்பிடுவார். ஜூன் நடுவில் கவுன்சிலர் விடுமுறையில் போய்விடுவார், ஆகஸ்ட்டில்தான் திரும்புவார். ட்யூவல் என்ரோல்மென்ட்டுக்கும் இணைய வகுப்புக்கும் பெரும்பாலும் அதற்குள் பதிவு முடிந்திருக்கும்.