பொரித்த நூடுல்ஸ் அல்ல, பிரட்டிய நூடுல்ஸ்

‘சிக்கன் சௌமீன்’ என்றால் ‘கோழி சேர்த்துப் பொரித்த நூடுல்ஸ்’ என்று எழுதிவிடுகிறார்கள். உணவுப் பட்டியல், சமையல் காணொளி, எதைத் திறந்தாலும் இதேதான். பொரித்தது கோழியா நூடுல்ஸா என்பது தனிக் குழப்பம். உண்மையில் வழக்கமான சௌமீனில் இரண்டையுமே பொரிப்பதில்லை.

சொல்லின் கதையை முதலில் முடித்துவிடுவோம். சௌமீன் சீனச் சொல். சீனப் பொதுமொழியில் சாவ் மியென். மியென் என்றால் கோதுமை மாவு, அதில் செய்த இழை. அரிசி மாவு இழைக்கு அங்கே ஃபென் என்று வேறு பெயர். நூடுல்ஸ் என்ற சொல் ஜெர்மன் மொழியின் நூடெலிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கு நான் தமிழ் தேடப் போவதில்லை, சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சொல்லை எதற்குக் கலைக்க வேண்டும்? சிக்கல் ‘சாவ்’ என்பதில்தான் இருக்கிறது. அது ஒரு சமையல் முறையின் பெயர்.

ஆங்கிலத்துக்கும் இந்தச் சிக்கல் இருந்தது. 1945இல் அமெரிக்காவில் வெளிவந்த தம் சீனச் சமையல் நூலில் புவெய் யாங் சாவ் என்ற மருத்துவர், இந்த முறைக்கு ஆங்கிலத்தில் சரியான சொல் இல்லை என்று கண்டு இலக்கணம் வகுத்தார்: பெருந்தீ, குறைந்த எண்ணெய், நறுக்கிய பொருள், ஈரமான சுவையூட்டி, கை ஓயாமல் கிளறி விரைவில் முடிப்பது. அத்தனையையும் சுருக்கி ‘ஸ்டிர் ஃப்ரை’ என்று பெயர் வைத்தார். அவர் கணவர் யுவென் ரென் சாவ் பெயர்பெற்ற மொழியியலாளர். சொல்லாக்கத்தில் அவர் கையும் உண்டு என்பார்கள். ஆக, ஸ்டிர் ஃப்ரை என்பதே ஒரு மொழிபெயர்ப்பு. நம்மவர்களோ ஸ்டிர் என்றால் கிளறு, ஃப்ரை என்றால் பொரி அல்லது வறு என்று இரண்டாகப் பிய்த்து, ‘கிளறிப் பொரித்தல்’, ‘கிளறி வறுத்தல்’ என்று ஒட்டுகிறார்கள். அடுப்பைப் பார்க்காமல் அகராதியைப் பார்த்துச் செய்த வேலை இது.

சீனத்தில் எண்ணெயில் மூழ்கவிட்டு எடுப்பதற்கு ‘சா’, சிறிது எண்ணெயில் பரப்பிச் சிவக்க விடுவதற்கு ‘சியென்’, நாம் பேசும் முறைக்கு ‘சாவ்’ என்று தனித்தனிப் பெயர்கள். ஆங்கிலத்தின் ‘ஃப்ரை’ மூன்றையும் ஒரே சாக்கில் கட்டுகிறது. தமிழுக்கு அந்த வறுமை இல்லை. பொரித்தல், வறுத்தல், வதக்கல், தாளித்தல், கிளறல், பிரட்டல் என்று நம்மிடம் இருப்பவை ஒவ்வொன்றும் வேறு வேலை. இவ்வளவு இருந்தும் ஃப்ரை என்று கண்டதும் ‘பொரி’ என்று பாய்வது ஏன்?

“பொரியல் என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு நிறைய எண்ணெயா ஊற்றுகிறோம்?” என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டில் பொரியல் என்ற பெயர்ச்சொல் எண்ணெய்ச் சட்டியை விட்டு விலகி வெகுதூரம் வந்துவிட்டது; வினைச்சொல் வரவில்லை. ‘பீன்ஸ் பொரியல் செய்தேன்’ என்போம், ‘பீன்ஸைப் பொரித்தேன்’ என்று சொல்ல மாட்டோம். இலங்கைத் தமிழில் பொரியல் என்றாலே எண்ணெயில் பொரித்ததுதான். வினையாகச் சொன்னாலும் பெயராகச் சொன்னாலும், வாசகர்களில் பாதிப் பேர் எண்ணெய்ப் புட்டியை எடுப்பார்கள்.

வதக்கல் இன்னும் மோசம். வதங்குவது என்றால் வாடித் துவள்வது. இந்தச் சமையலில் முட்டைகோஸும் குடைமிளகாயும் வாடவே கூடாது, கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும். ‘காய்கறிகளை வதக்கவும்’ என்று படித்தவர் தீயைக் குறைப்பார், காய் நீர் விடும், அப்புறம் அது ஆவியில் வேகும். குறிப்பு எழுதியவரின் ஒரு சொல் வாணலியைக் கெடுத்துவிட்டது. வறுத்தல் என்பதில் ஈரம் வற்றும் பொருள் இருக்கிறது. ரவைக்கும் கடலைக்கும் சரி, சாஸ் ஊற்றும் நூடுல்ஸுக்கு எப்படி? கிளறுவதோ அடியிலிருந்து தோண்டி எடுப்பது. உப்புமாவுக்குப் பொருந்தும், வெந்த நூடுல்ஸை அப்படிக் கிளறினால் துண்டு துண்டாகிவிடும்.

இனி வாணலியில் நடப்பதைப் பாருங்கள். நூடுல்ஸை வேகவைத்து, முழுதாக வேகும் முன்னதாகவே இறக்கி வடித்து, குளிர்ந்த நீரில் அலசி, சிறிது எண்ணெய் பூசி வைக்கிறோம். இறைச்சியை நாருக்குக் குறுக்கே மெல்லியதாக அரிந்து, சோயா சாஸிலும் சோளமாவிலும் பிசறி, பெருந்தீயில் முதலில் சமைத்துத் தனியே எடுத்து வைக்கிறோம். பிறகு பூண்டு, இஞ்சி, கேரட். கடைசியில் மென்மையான காய்கள். அதன்பின் எல்லாம் சேர்ந்து சாஸுடன் புரள்கின்றன. ஒவ்வோர் இழையும் சூடான இரும்பைத் தொட்டு மேலே வந்து மீண்டும் கீழே போகிறது, சாஸ் அதன் மேல் பூசிக்கொள்கிறது. இதற்குத் தமிழில் பிரட்டுதல் என்று பெயர். புரள், புரட்டு, பேச்சில் பிரட்டு. இலங்கையில் இறைச்சிப் பிரட்டல், கோழிப் பிரட்டல் என்று இன்றும் சொல்கிறார்கள். அது குழம்பு சுண்டி இறைச்சியைப் பற்றிக்கொள்ளும் கறி, இது வேறு என்று வாதிடலாம். சரி, ஆனால் சுவையூட்டி பொருள் மேல் ஒட்டிப் புரளும் அந்தச் செயல் இரண்டிலும் ஒன்றே. ‘புரட்டல்’ என்று எழுத்து வடிவத்துக்குப் போக வேண்டாம். புரட்டு என்றால் பொய் என்றும் பொருள், நூடுல்ஸ் மேல் பழி வரும்.

இந்தச் சொல் கையிலிருக்க, காணொளிகளில் ‘சாஸ் ஆட் பண்ணி டாஸ் பண்ணுங்க’ என்கிறார்கள். எழுத உட்கார்ந்தவர்கள் அதே டாஸை ‘தூக்கிப் போடவும்’ என்று எழுதுகிறார்கள். எங்கே, குப்பையிலா?

பிரட்டல் என்ற சொல்லில் தீயின் அளவு இல்லை என்பது உண்மை. ‘பெருந்தீயில் பிரட்டவும்’ என்று குறிப்பில் ஒரு சொல் கூட்டிக்கொள்ளலாம். உணவின் பெயருக்கு அதுவும் வேண்டாம்: கோழி நூடுல்ஸ் பிரட்டல், காய்கறி நூடுல்ஸ் பிரட்டல். பொரித்த நூடுல்ஸ் என்றும் ஒன்று உண்டு. மொறுமொறுவென்று எண்ணெயில் பொரித்து, மேலே சாறு ஊற்றித் தருவார்கள். அந்தப் பெயரை அதற்கு விட்டுவைப்போம்.