உங்கள் நாய்க்குத் திருடனைத் தெரியாது

போன செவ்வாய்க்கிழமை மாலை மருத்துவமனையைச் சாத்தப்போகும் நேரத்தில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு பெரியவர் தன் நாயோடு வந்தார். மூன்று வயது ஜெர்மன் ஷெப்பர்ட். கழுத்தில் இரும்புச் சங்கிலி, வாயைச் சுற்றிப் பழைய சேலைத்துணியால் ஒரு கட்டு. "ஊசி போட்டுவிடுங்கள் டாக்டரம்மா" என்றார். மின்தடையில் தானியங்கி வாயிற்கதவு பாதி திறந்தபடி நின்றுவிட்டதாம். பக்கத்து வீட்டில் புல் வெட்ட வருகிறவரின் முன்கையை நாய் கிழித்துவிட்டது. பதினோரு வருடமாக அதே தெருவில் வேலை செய்கிற மனிதர். பதினேழு தையல்.

"இவன் திருடனைப் பார்த்தால்தான் பாய்வான். ஆள் யார் என்று இவனுக்குத் தெரியும். இது எப்படி நடந்தது என்றே புரியவில்லை" என்றார் அந்த அண்ணா.

ஆள் யார் என்று நாய்க்குத் தெரியும் என்ற இந்தப் பேச்சை இந்த மாதத்தில் மட்டும் நான்காவது முறையாகக் கேட்கிறேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஊசி விஷயம். கடித்த நாயை அன்றே கொன்றுவிட முடியாது. தடுப்பூசி அட்டையைக் கேட்டேன். குட்டியில் போட்ட ஒரு ஊசியோடு அட்டை நின்றிருந்தது. 1976இலிருந்து தென்னாப்பிரிக்காவில் நம் மாகாணமான குவாசூலு-நட்டாலில் நாய் வெறிநோய் நிலைகொண்டிருக்கிறது. அரசு கால்நடை மருத்துவர்கள் தெருமுனையில் மேசை போட்டு இலவசமாகத் தடுப்பூசி போடுகிறார்கள், அப்போதும் நம்மவர்கள் "என் நாய் வெளியே போவதே இல்லையே" என்கிறார்கள். வெளியே போகாத நாய்தான் இன்று ஒருவர் கையைக் கிழித்திருக்கிறது. வெறிநோய் இருக்கிறதா என்று பார்க்க, இப்போது அது பத்து நாள் கண்காணிப்பில் எங்கள் கூண்டில் இருக்கிறது. கடிபட்டவரை உடனே மருத்துவமனைக்குப் போகச் சொன்னீர்களா, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் கழுவினீர்களா என்று கேட்டேன். மஞ்சள் வைத்தார்களாம்.

இனி அந்தத் 'தெரியும்' என்பதற்கு வருகிறேன்.

நாய் மனிதனின் நோக்கத்தைப் படிக்காது. பழகிய மணம், பழகிய நடை, பழகிய நேரம் இவற்றைத்தான் படிக்கும். பழகாத எதுவும் அதற்குப் பயம். தலைக்கவசம், குடை, கைத்தடி, ஊன்றுகோல், தலையில் மூட்டை, புல் வெட்டும் இயந்திரத்தின் சத்தம், எல்லாமே பயம். பயந்த நாய் குரைக்கும். குரைத்தால் தபால்காரர் போய்விடுகிறார். அவர் எப்படியும் போகத்தான் போகிறார், ஆனால் நாயின் கணக்கில் தான் குரைத்ததால்தான் போனார். நாள்தோறும் இதே பாடம். மூன்று வருடத்தில் அது தேர்ந்த மாணவன் ஆகிவிடுகிறது.

நம் வீடுகளில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. சொல்லச் சங்கடமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். "எங்கள் நாய் நம் ஆட்களைப் பார்த்துக் குரைக்காது, ஜூலுக்காரர்களைப் பார்த்தால் மட்டும் விடாது" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். நாய்க்கு ஏதோ ஆறாம் அறிவு இருப்பதுபோல ஒரு பெருமை. அம்மா, அய்யா, உங்கள் நாய் குட்டியாக இருந்தபோது எத்தனை ஜூலு மனிதர்கள் அதைத் தடவிக்கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. சுவருக்கு அப்பால் அவர்கள் நடந்து போகும்போது நீங்கள் கயிற்றை இறுக்கிப் பிடித்தீர்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டீர்கள். கயிற்றின் மறுமுனையில் இருந்த குட்டி அதைக் கற்றுக்கொண்டது. அது குற்றவாளியைக் கண்டுபிடிக்கவில்லை. உங்கள் பயத்தை உங்களுக்கே திருப்பிக் காட்டுகிறது.

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? 'டூ ஸ்டெப்' என்றால் இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். அல்டிகார்ப் என்ற பூச்சிக்கொல்லி, சின்னக் கறுப்புக் குருணை. வீடு புகுகிறவர்கள் அதைத் தொத்திறைச்சிக்குள் வைத்துச் சுவருக்கு மேல் வீசுகிறார்கள். இரவில் முற்றத்தில் விடப்பட்ட காவல் நாய்கள் வாயில் நுரை தள்ளி, உடல் நடுங்கி, கண்மணி புள்ளியாகச் சுருங்கி எங்களிடம் வந்துசேர்கின்றன. சில நாய்கள் காருக்குள்ளேயே இறந்துவிடும். திருடனைத் தெரிந்த நாய் திருடன் வீசிய இறைச்சியை ஏன் தின்கிறது? புல் வெட்டுகிறவரைக் கடித்த அதே நாய் அவனிடம் வாலை ஆட்டித் தின்றிருக்கும். (நுரையைப் பார்த்தால் பாலோ எண்ணெயோ ஊற்றிக்கொண்டிருக்காதீர்கள். நேராக வண்டியில் ஏற்றுங்கள். எங்களிடம் மாற்றுமருந்தான அட்ரோபின் இருக்கிறது, உங்கள் சமையலறையில் இல்லை.)

இரவில் வீட்டுக்குள் படுக்கும் நாய்க்கு இந்த இறைச்சி எட்டாது. சத்தம் கேட்டால் உங்கள் படுக்கையருகே நின்று குரைக்கும். காவலுக்கு வேண்டியது அந்தக் குரைப்புதான். "நாய் வீட்டுக்குள் வந்தால் சாமியறை தீட்டாகிவிடும்" என்று ஓர் ஆயா என்னிடம் சண்டை போட்டார். சரி, சமையலறைக்குப் பின்னால் உள்ள துணி துவைக்கும் அறையில் படுக்கட்டும் என்று பேசி முடித்தோம். அந்த நாய் இன்னும் நன்றாக இருக்கிறது.

குட்டியின் மனம் மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம்வரை அகலத் திறந்திருக்கும். அந்த நாட்களில் பார்த்ததெல்லாம் உலகம், பார்க்காததெல்லாம் ஆபத்து. அதே நாட்களில்தான் "தடுப்பூசி முடியும்வரை வெளியே கொண்டுபோகாதீர்கள்" என்று நாங்களும் சொல்கிறோம்; குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸுக்குப் பயந்து. இதில் எங்கள் தொழில்காரர்கள்மீதும் பழி உண்டு, பாதியைச் சொல்லிவிட்டு மீதியைச் சொல்வதில்லை. தரையில் விடாதீர்கள், ஆனால் தூக்கிக்கொண்டு போங்கள். பஸ் நிறுத்தத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். பள்ளி விடும் நேரத்தில் எதிர்ப்பக்கம் உட்காருங்கள். கோயில் காவடிக்குப் போகும்போது தூரத்திலிருந்து மேளத்தைக் கேட்கவிடுங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர், குப்பை எடுக்கிறவர், மீட்டர் பார்க்கிறவர் எல்லோர் கையிலும் ஒரு துண்டு கோழிக்கறியைக் கொடுத்துக் குட்டிக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். குட்டி வீட்டுக்கு வந்தபின் ஒன்றரை மாத வேலை. அதற்கு நேரமில்லை என்கிறவர்கள் பிறகு நீதிமன்றத்துக்கு நேரம் ஒதுக்குகிறார்கள்.

சங்கிலியைப் பற்றி நீட்ட மாட்டேன். நாள் முழுவதும் கட்டிக்கிடக்கும் நாய் காவல் கற்பதில்லை; ஓடமுடியாதபோது கடிப்பது ஒன்றே வழி என்று கற்கிறது. துன்பம் தரும்படி கட்டிவைப்பது 1962ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. சோற்றில் மிளகாய் அரைத்துப் போட்டால் வீரம் வரும் என்கிறவர்களுக்கு: வருவது வயிற்றுப்போக்கு.

அதைவிட என்னை உறுத்துவது உறுமலுக்கு அடிப்பது. உறுமல் ஒரு மரியாதையான வார்த்தை. 'தள்ளிப் போ, எனக்கு இது பிடிக்கவில்லை' என்பதை நாய்மொழியில் சொல்வது. அதற்கு முன்பே உதட்டை நக்கும், கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பும், கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்க்கும், உடல் மரக்கட்டையாகும். இத்தனையையும் கவனிக்காமல் விட்டு, உறுமியதும் செருப்பால் அடித்தால் நாய் அடுத்த முறை உறுமாது. நேராகக் கடிக்கும். பிறகு "எந்த அறிகுறியும் இல்லாமல் கடித்துவிட்டது" என்று என் மேசைக்கு வருவீர்கள். அந்த அறிகுறியை அடித்து விரட்டியவர் யார்? வாலாட்டுவதையும் நம்பிவிடாதீர்கள். விறைப்பாக, உயர்த்திய வால் சிறிதாக ஆடினால் அது வரவேற்பு கிடையாது. குழந்தைகள் நாயின் கழுத்தைக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்கிற பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். முகத்தில் கடிபட்ட பிள்ளைகளின் பெற்றோரோடு பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது.

மூன்று வாரம் கொண்டுபோய் 'அடக்கி'த் திருப்பித் தருகிற பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். மின்கழுத்துப்பட்டை, தரையில் மல்லாக்கத் தள்ளி அழுத்துவது, 'நீங்கள்தான் கூட்டத்தின் தலைவர்' என்ற பாடம். அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து 1947இல் எழுதப்பட்ட ஆய்விலிருந்து கிளம்பிய எண்ணம் இது. அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாய் தகப்பனும் பிள்ளைகளும் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999இல் எழுதித் தன் பழைய கருத்தைத் திருத்திக்கொண்டார். அவர் மாறிவிட்டார். நம் ஊர்ப் பயிற்சியாளர் இன்னும் மாறவில்லை.

தீபாவளி வருகிறது, அதையொட்டி வெடி வெடிக்கிற கை ஃபாக்ஸ் நாளான நவம்பர் 5 வரும், பின்னாலேயே புத்தாண்டு. மாலை ஐந்துக்குள் நாயை நடத்திக் கூட்டிவந்து உள்ளறையில் விட்டு, திரையை இழுத்து, வானொலியை உரக்க வையுங்கள். பயந்த நாயை அணைத்துக்கொண்டால் பயம் வளரும் என்பது கட்டுக்கதை, மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அலமாரியில் கிடக்கும் பழைய மயக்க மாத்திரையைக் கொடுக்காதீர்கள். சில மாத்திரைகள் கால்களைத்தான் கட்டும், நாய் பயத்தோடு அசையாமல் கிடக்கும். பயத்தையே குறைக்கிற மருந்துகள் உண்டு, இரண்டு வாரம் முன்பே வந்து கேளுங்கள். வெடிச்சத்தம் கேட்ட பிறகு தொலைபேசியில் கூப்பிட்டால் நான் என்ன செய்ய?

அண்ணா கடைசியாகச் சொன்னது: "கதவு பழுதானது என் குற்றமா? 'நாய் ஜாக்கிரதை' என்று பலகைகூட மாட்டியிருக்கிறேன்." தெருவில் நடந்துபோன ஒருவரை மூன்று நாய்கள் தாக்கி அவர் இடது கையையே இழந்த வழக்கில், யாரோ அத்துமீறி வாயிற்கதவின் பூட்டை உடைத்ததால்தான் நாய்கள் வெளியேறின என்று உரிமையாளர் வாதிட்டார். உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் அதை ஏற்கவில்லை. நாய் உங்களுடையது, நட்டமும் உங்களுடையது. பலகை உங்களைக் காப்பாற்றாது. வாயிற்கதவுக்கு உள்ளே இன்னொரு கம்பிக் கதவு காப்பாற்றலாம்.

இன்று கண்காணிப்பின் ஆறாம் நாள். கூண்டுகளைப் பார்த்துக்கொள்கிற எங்கள் ஊழியர் ஜூலுக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர், வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டவர். முதல் நாள் அவரைக் கண்டதும் நாய் மூலைக்கு ஒதுங்கித் தொண்டை கிழியக் குரைத்தது. அவர் எதுவும் பேசாமல் தட்டைக் கம்பிக்கடியில் தள்ளிவிட்டுப் போய்விடுவார். இன்று காலை அவருடைய வாளிச் சத்தம் நடைபாதையில் கேட்டதும் எழுந்து கம்பியருகே வந்து நின்றது. கண்காணிப்பு முடிந்த மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அண்ணாவை வரச் சொல்லியிருக்கிறேன். தடுப்பூசி போடவேண்டும், கடிக்காதபடி வாயில் மாட்டும் முகக்கூட்டுக்கு மூக்கின் நீளத்தை அளக்கவேண்டும். முதல் நாள் கேட்ட அந்த ஊசியைப் பற்றி அவர் இரண்டு நாளாகக் கேட்கவில்லை.