இரைச்சலுக்கு இன்னோர் ஒலி துணை

1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரு ஆய்வாளர்கள், காது நன்றாகக் கேட்கும் 80 பேரை ஒலி புகாத அறையில் உட்காரவைத்து, என்ன கேட்கிறது என்று எழுதித் தரச் சொன்னார்கள். 94 சதவீதத்தினர் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாக எழுதினார்கள். அந்தச் சத்தம் அறையில் இல்லை, அவர்களுக்குள்ளேயே இருந்தது.

காதிரைச்சல் உள்ளவர்களுக்கு இந்தச் சத்தம் ஓய்வதே இல்லை. உட்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குள் ஒலியை உணரும் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. முதுமையாலும் பேரிரைச்சலாலும் அவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. பெரும்பாலும் முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். அந்தப் பக்கத்திலிருந்து தகவல் வருவது குறைந்ததும் மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது என்பதே இன்று பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். வானொலி நிலையம் சரியாக எடுக்காதபோது ஒலியைக் கூட்டும் குமிழைத் திருகுகிறோம் அல்லவா? பாட்டோடு சேர்ந்து 'உஸ்' என்ற இரைச்சலும் ஏறுகிறது. பலருக்கு இரைச்சலின் சுருதி, கேட்கும் திறன் குறைந்த அதே அதிர்வெண் பகுதியில் இருப்பது இதற்குப் பொருந்துகிறது.

காது கேட்கும் கருவி உதவுவது இந்த இடத்தில்தான். குழாய்த் தண்ணீரின் சலசலப்பு, காகிதம் புரளும் ஓசை எல்லாம் திரும்பி வரும்போது மூளைக்குக் கவனிக்க வேறு விஷயம் கிடைக்கிறது. ஆனால் காதை இறுக அடைக்கும் கருவி முனை வெளிச்சத்தத்தையும் தடுத்துவிடும். கருவியை அணைத்ததும் இரைச்சல் முன்னிலும் உரக்கக் கேட்கும். கேட்கும் திறன் இடம் கொடுத்தால் திறந்த முனையே நல்லது.

ஒலி சிகிச்சையில் மழை, கடலலை, வெண்ணிரைச்சல் (எல்லா அதிர்வெண்களும் கலந்த 'உஸ்' ஒலி) போன்றவற்றைக் கேட்கவைக்கிறார்கள். இங்கே பலர் செய்யும் தவறு, உள்ளிரைச்சல் முழுக்க மறையும்வரை ஒலியைக் கூட்டுவது. 1990-இல் காதிரைச்சல் ஆய்வாளர் ஜாஸ்ட்ரெபாஃப் முன்வைத்த கருத்தை ஒட்டி வளர்ந்த பயிற்சிமுறை அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது: இரண்டும் ஒன்றோடொன்று கலக்கத் தொடங்கும் அளவோடு நிறுத்துங்கள். மூளை எதைப் பொருட்படுத்தாமல் விடப் பழக வேண்டுமோ, அது காதில் விழுந்தால்தானே பழக முடியும்!

இதனால் எல்லாருக்கும் குணமாகும் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். 2018-இல், மருத்துவச் சான்றுகளை எடைபோடும் காக்ரேன் அமைப்பு அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. கருவியோ ஒலியோ, சிகிச்சை இன்றிக் காத்திருப்பதைவிட மேல் என்று நிறுவப் போதிய சான்று கிடைக்கவில்லை. இரைச்சல் தரும் மன உளைச்சலைக் குறைப்பதில் அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கே (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) வலுவான சான்று இருக்கிறது. என்றாலும் காது மந்தமானவர் கருவி போட்டுக்கொள்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. பேச்சாவது தெளிவாகக் கேட்கும்.

ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடியோடு சேர்ந்து துடிக்கும் சத்தம், திடீரென்று காது கேட்காமல் போவது ஆகியவற்றுக்கு ஒலி சிகிச்சையைத் தேடிப் போகக் கூடாது. முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். திடீர்ச் செவிட்டுக்கு ஒவ்வொரு நாளும் முக்கியம்.

மற்றவர்களுக்குப் பெரும்பாடு இரவில்தான். பகலில் இருப்பதே தெரியாத சுவர்க் கடிகாரம் படுத்ததும் மண்டையில் அடிப்பதுபோல, இரைச்சலும் அப்போதுதான் பெரிதாகும். தலைமாட்டில் மெல்லிய மழை ஒலியை ஓடவிடலாம். அது நள்ளிரவில் தானாக நின்றுவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் விழிப்பு வந்தால் அந்த நிசப்தத்தில் இரைச்சல்தான் முதலில் கேட்கும்.