புயல்: மேகத்தின் பெயர் காற்றுக்குப் போன கதை

‘சைக்ளோன்’ கல்கத்தாவில் பிறந்த சொல். அங்கே கடல் விபத்துகளை விசாரித்துவந்த ஹென்றி பிடிங்டன், வங்கக் கடலில் சிக்கிய கப்பல்களின் குறிப்பேடுகளை அலசி, காற்று நேராக அடிப்பதில்லை, ஒரு மையத்தைச் சுற்றிச் சுழல்கிறது என்று காட்டினார். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இந்தப் பெயரை ஆக்கி, 1848இல் மாலுமிகளுக்கு எழுதிய கையேட்டில் புழங்கவிட்டார்.

தமிழில் இதற்கு நேராக நிற்பது சூறாவளி. சூறை என்றால் சுழல்காற்று. கொள்ளை என்றும் பொருள் (சூறையாடுவது இங்கிருந்துதான்). வளி என்றால் காற்று. இலங்கையில் இதுவே வழக்கு. 1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புரட்டிப்போட்டதை அங்கே சூறாவளி என்றுதான் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் கதை வேறு: பாடநூலில் வெப்பமண்டலச் சூறாவளி, நாளிதழில் அமெரிக்காவில் அடித்தால் சூறாவளி, கடலூரில் கரையேறினால் புயல்.

இந்தப் ‘புயல்’ பழந்தமிழில் காற்றே அல்ல. மேகம்; அது தரும் மழை. ‘ஏரின் உழாஅர் உழவர் புயலென்னும் வாரி வளங்குன்றிக் கால்’ என்கிறது 14ஆம் குறள். மழை என்னும் வருவாய் குறைந்துபோனால் உழவர் ஏர் பூட்டமாட்டார்களாம். அன்று புயல் வராவிட்டால்தான் கவலை!

இன்று புயல் என்பது வானிலை ஆய்வு மையம் காற்றின் வேகம் பார்த்துக் கொடுக்கும் பட்டம். மணிக்கு 31 கி.மீ. தொட்டால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 62இல் புயல், 89இல் தீவிரப் புயல், 118இல் மிகத் தீவிரப் புயல். துறைமுகக் கம்பத்தில் ஏறும் எச்சரிக்கைக் கூண்டும் முதன்மையாகக் காற்றுக்கானதே. பத்திரிகைகள் பயன்படுத்தும் ‘புயல் சின்னம்’ இந்தப் படிகள் எதிலும் சேராது. கடலில் எது சுழன்றாலும் அந்தப் பெயர்தான்.

இந்தப் பட்டத்தை மட்டும் நம்பியிருக்க முடியாத காலம் வந்துவிட்டது. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டி சென்னை மூழ்கியபோது புயல் எதுவும் இல்லை. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவானது 95 செ.மீ. அதற்குக் காரணம் வெறும் வளிமண்டலச் சுழற்சி. தாழ்வு மண்டலம் என்ற முதல் பட்டம்கூட அதற்குக் கிடைக்கவில்லை; தூத்துக்குடியும் திருநெல்வேலியும் வெள்ளத்தில் கிடந்தன. 2024இல் ஃபெஞ்சல், புயலாகுமா ஆகாதா என்று நாள்கணக்கில் இழுத்தடித்து, கடைசியில் புயலாகிப் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று ஏறத்தாழ 48 செ.மீ. பெய்தது. காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதலாக ஈரம் தாங்கும். கடலும் சூடேறிக்கொண்டிருக்கிறது. ஈரத்துக்குக் குறைவில்லை.

கடலின் சூடு காற்றையும் விட்டுவைக்கவில்லை. 2017இல் ஒக்கி, தாழ்வு மண்டலமாக இருந்து ஒரே நாளில் புயலானது. அந்த நேரம் கன்னியாகுமரி மீனவர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். வங்கக் கடலைவிட அமைதியானது என்று பெயரெடுத்த அரபிக் கடலில் 2001க்குப் பிறகு புயல்கள் கூடியிருக்கின்றன, தீவிரமும் ஏறியிருக்கிறது.

சைக்ளோனுக்குத் தமிழ் கேட்டால் சூறாவளி என்றே சொல்வேன். அதற்காகப் புயலை வழக்கிலிருந்து விரட்ட முடியாது, வேண்டியதும் இல்லை. ‘புயலாக வலுப்பெற வாய்ப்பில்லை’ என்று செய்தி போடுகிறவர்கள், எத்தனை செ.மீ. மழை வரலாம் என்பதையும் அதே பெரிய எழுத்தில் பக்கத்திலேயே போடட்டும்.