தடம் வெட்டும் முன் பதிவேட்டைத் திறவுங்கள்

“ஆள் இருக்கிறது, ஆர்வம் இருக்கிறது, பணம்தான் இல்லை. யாரிடம் கேட்கலாம்?” மவுண்டன் பைக், அதாவது மலைத்தடங்களில் ஓட்டும் சைக்கிள், சங்கங்களிலிருந்து என்னைக் கூப்பிடுபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். அமெரிக்காவில் இந்தச் சைக்கிள்களுக்கான தடங்களை வடிவமைப்பதும், சங்கங்களுக்கு மானிய விண்ணப்பம் எழுத உதவுவதும் என் தொழில். பணம் கொடுக்கும் இடங்களின் பட்டியலை எதிர்பார்த்துக் கூப்பிடுபவர்களிடம் நான் இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்பேன். நிலம் யாருடையது, அவர்களிடம் கையெழுத்து வாங்கியாயிற்றா? போன வருடம் உங்கள் ஆட்கள் எத்தனை மணி நேரம் மண் வெட்டினார்கள், அதற்குப் பதிவுத் தாள் இருக்கிறதா?

முதல் கேள்விக்காவது ஏதாவது பதில் வரும். இரண்டாவதற்கு “எல்லாரும் வந்தார்களே, நன்றாகத்தான் நடந்தது” என்பார்கள்.

அந்தத் தாள் எதற்கு என்று சொல்கிறேன். இங்கே தடங்களுக்கு வரும் அரசுப் பணத்தில் முக்கியமானது ரிக்ரியேஷனல் டிரெயில்ஸ் புரோகிராம் என்ற மத்திய அரசுத் திட்டம். 1991-இல் தொடங்கியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 8.4 கோடி டாலர் மாநிலங்களுக்குப் போகிறது. மாநிலங்கள் விண்ணப்பம் வாங்கிப் பிரித்துக் கொடுக்கின்றன. பனியில் ஓடும் ஸ்னோமொபைல், ஏடிவி என்ற கரடுமுரடான நிலத்தில் ஓடும் நாலு சக்கர வண்டி, காட்டில் ஓட்டும் மோட்டார் சைக்கிள் ஆகியவை சாலைக்கு வெளியே எரிக்கும் எரிபொருள்மீதான வரிதான் இந்தத் திட்டத்துக்கு அடிப்படை. சொட்டுப் பெட்ரோல்கூடப் போடாத நாம் அதில் பங்கு கேட்டு நிற்கிறோம். சட்டப்படி 30 சதவீதம் மோட்டார் தடங்களுக்கு, 30 சதவீதம் மோட்டார் இல்லாத தடங்களுக்கு, மீதி 40 பலரும் சேர்ந்து பயன்படுத்தும் தடங்களுக்கு. ஆகவே ஆலோசனைக் கூட்டத்தில் பக்கத்து நாற்காலியில் மோட்டார் சைக்கிள் சங்கத்துக்காரர் உட்கார்ந்தால் முகம் சுளிக்காதீர்கள். வரி கட்டுவது அவர்.

இந்தத் திட்டத்தில் பொதுவாக 80 சதவீதம் வரைதான் மத்திய அரசு தரும். மீதி 20-ஐ விண்ணப்பிப்பவர் போட வேண்டும். அதைக் காசாகத்தான் போட வேண்டும் என்பதில்லை. தன்னார்வலர் உழைப்பையும் கணக்கில் காட்டலாம். இண்டிபெண்டன்ட் செக்டர் என்ற அமைப்பு, தன்னார்வலர் ஒருவரின் ஒரு மணி நேரத்துக்கு என்ன மதிப்பு என்று ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2023-ஆம் ஆண்டுக்கு அது 33.49 டாலர். இருபது பேர் ஒரு சனிக்கிழமை ஐந்து மணி நேரம் வேலை செய்தால் 100 மணி நேரம், அதாவது 3,349 டாலர். இதை 20 சதவீதப் பங்காக வைத்தால் மொத்தத் திட்டம் 16,745 டாலர் வரை போகலாம். அதில் 13,396 டாலர் மத்திய அரசின் பணம். ஒரே ஒரு சனிக்கிழமைக்கு! எல்லா மாநிலமும் இதே மதிப்பை ஏற்பதில்லை, சில இடங்களில் வேறு விகிதம் உண்டு. அதை விண்ணப்பத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு மதிப்புள்ள தாள் எந்த நிலையில் என் கைக்கு வருகிறது தெரியுமா? மழையில் நனைந்து மை ஊறியிருக்கும். “மைக்” என்று மட்டும் எழுதியிருக்கும். அந்தச் சங்கத்தில் நாலு மைக் இருப்பார்கள். வந்த நேரம் இருக்கும், போன நேரம் இருக்காது. வேலை முடிந்ததும் களைப்பில் எல்லாரும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயிருப்பார்கள். எந்தத் தடத்தில் எந்த இடத்தில் என்ன வேலை என்பது சுத்தமாக இருக்காது. தணிக்கையில் இந்தத் தாள் நிற்காது. முழுப் பெயர், தேதி, வந்த நேரம், போன நேரம், இடம், வேலை, கையெழுத்து, கடைசியில் பொறுப்பாளர் கையெழுத்து, இவ்வளவுதான் கேட்கிறார்கள். பேனாவை விட்டுவிட்டுப் பென்சில் வையுங்கள், ஈரத்தில் அழியாது. தாள் செருகிய அட்டையைக் கருவி வண்டிப் பூட்டோடு கட்டித் தொங்கவிடுங்கள். கையெழுத்துப் போட்டால்தான் மண்வெட்டி, மண்வெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது போகும் நேரம் என்று வைத்துவிட்டால் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. அன்று சாயங்காலமே தாளைப் படம் எடுத்துச் சேமித்துவிடுங்கள். இன்னொன்று: மானிய ஒப்பந்தத்தில் கையெழுத்தாவதற்கு முன் செய்த வேலை பெரும்பாலும் பங்குக் கணக்கில் சேராது. அவசரப்பட்டு முன்கூட்டியே பாதித் தடத்தை வெட்டிவிட்டால் அவ்வளவு உழைப்பும் கணக்குக்கு வெளியே போய்விடும்.

அப்புறம், மானியம் ஒதுக்கியாயிற்று என்ற கடிதம். அது வந்த அன்று கொண்டாடுவார்கள், சரி. ஆனால் பணம் அன்றைக்கு வராது. இது செலவழித்துவிட்டு, பில்லைக் காட்டித் திரும்ப வாங்கும் திட்டம். மினி எக்ஸ்கவேட்டரோடு வந்து தடம் போடும் ஒப்பந்தக்காரர் தன் பில்லுக்கு மாதங்கணக்கில் காத்திருக்க மாட்டார். மானியம் ஒதுக்கப்பட்டும், முன்பணம் புரட்ட முடியாமல் கைவிட்ட சங்கத்தைப் பார்த்திருக்கிறேன். திறமைக்குக் குறைவில்லாத சங்கம்தான், கையிருப்பு இல்லை. இதற்கு வழி உண்டு. நகராட்சியையோ பூங்காத் துறையையோ விண்ணப்பதாரராக வைத்து, சங்கம் கூட்டாளியாக நிற்கலாம். வேலையைச் சிறு கட்டங்களாக்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் பணம் திரும்ப வந்த பிறகு அடுத்ததைத் தொடங்கலாம். உள்ளூர் அறக்கட்டளைகள் சில, இடைக்காலக் கடன் கொடுக்கும். எதுவானாலும் விண்ணப்பம் போடும் முன்பே பேசி வைக்க வேண்டிய விஷயம் இது.

இனி நிலம். மவுண்டன் பைக் ஓட்டுபவர்கள் சங்கமாகச் சேர்ந்ததற்கே நிலம்தான் காரணம். 1980-களில் கலிஃபோர்னியாவில் தடங்களை ஒவ்வொன்றாகச் சைக்கிளுக்கு மூடிக்கொண்டே வந்தார்கள். 1988-இல் அங்கிருந்த ஐந்து சங்கங்கள் சேர்ந்து ஆரம்பித்ததுதான் இம்பா என்கிற சர்வதேச மவுண்டன் பைசைக்கிளிங் அசோசியேஷன். கத்திப் பேசுவதோடு நிற்காமல் மண்வெட்டியோடும் வந்து நின்றதால்தான் வனத்துறைகள் அவர்களைக் கூட்டங்களுக்குக் கூப்பிட ஆரம்பித்தன என்பது என் கருத்து. ராத்திரியோடு ராத்திரியாக அனுமதியில்லாமல் தடமும், சைக்கிளோடு தாவும் ஜம்ப் மேடும் போடுகிறவர்கள் இந்த நம்பிக்கையைத்தான் வெட்டி எறிகிறார்கள். நன்றாகப் போட்டிருக்கிறார்களே என்று அதை ஆதரிக்கும் சங்கத்துக்கு நான் வேலை செய்வதில்லை.

மத்திய அரசு நிலம் என்றால் சுற்றுச்சூழல் ஆய்வு, தொல்லியல் ஆய்வு எல்லாம் முடிய வேண்டும். ஒரு வருடம் இரண்டு வருடம் சாதாரணமாக ஓடிவிடும். இந்தக் கட்டத்துக்குக் காசு கிடைப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம். ஆய்வறிக்கையோடு யார் படம் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்? திட்டமிடலுக்கும் வடிவமைப்புக்கும் என்றே இம்பா ‘டிரெயில் ஆக்சிலரேட்டர்’ என்ற மானியம் தருகிறது. சின்னச் சங்கங்கள் முதலில் அங்கே பார்க்கலாம். வில்டர்னஸ் என்று சட்டப்படி அறிவித்த வனப்பகுதியில் மட்டும் முயலவே வேண்டாம். 1964-ஆம் ஆண்டு வில்டர்னஸ் சட்டம் இயந்திரவகைப் போக்குவரத்துக்கு விதிக்கும் தடைக்குள் சைக்கிளும் அடங்கும் என்று 1984-இல் வனத்துறை விதியே எழுதிவிட்டது. புதிதாக ஒரு பகுதியை வில்டர்னஸ் ஆக்கும் பேச்சு வந்தால், எல்லைக்கோடு வரைபடத்தில் இறங்குவதற்கு முன் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். கோடு விழுந்தபின் புலம்பிப் பயனில்லை.

வனத்துறை நிலத்தில் வேலைக்கு வருபவர்களைத் தன்னார்வலர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைப்பதையும் தட்டிக்கழிக்காதீர்கள். கையெழுத்து இருந்தால், வேலையில் அடிபட்டவருக்கு அரசின் இழப்பீட்டுப் பாதுகாப்பு உண்டு. செயின்சா பிடிப்பவருக்குத் தனிச் சான்றிதழும் வேண்டும்.

தனியார் நிலம் வேறு கதை. வெர்மான்ட்டில் கிங்டம் டிரெயில்ஸ் என்று ஓர் அமைப்பு 1994-இலிருந்து இருக்கிறது. நூறு மைலுக்கு மேல் தடம், அதில் பெரும்பகுதி தனியார் நிலங்களில். ஓட்ட வருபவர்களிடம் உறுப்பினர் கட்டணமும் நாள் கட்டணமும் வாங்கியே பராமரிக்கிறார்கள். எல்லாரும் உதாரணம் காட்டும் இடம். 2019 டிசம்பரில் மூன்று நில உரிமையாளர்கள் இனி எங்கள் நிலத்தில் சைக்கிள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மிகப் பிரபலமான தடங்களில் சில அதோடு போயின. கூட்டம் பெருகப் பெருக உரசலும் பெருகியிருந்தது. எத்தனை லட்சம் செலவழித்துத் தடம் போட்டிருந்தாலும், வாய்வார்த்தையில் கிடைத்த நிலம் வாய்வார்த்தையிலேயே போகும். முடிந்தால் பத்திரத்தில் பதிவான பாதை உரிமை வாங்குங்கள். அதுவும் முடியாத இடத்தில் விலைக்கே வாங்கியவர்கள் உண்டு: மாசசூசெட்ஸில் மில்ஃபோர்டில் 47 ஏக்கரை 2003-இல் நியூ இங்கிலாந்து மவுண்டன் பைக் அசோசியேஷன் வாங்கியது.

இதெல்லாம் முடிந்தால்தான் மண். இங்கே எனக்கு ஒரே எதிரி தண்ணீர். மலைச்சரிவு 40 சதவீதம் (நூறு அடி போனால் நாற்பது அடி உயரம்) என்றால் அதன் குறுக்கே போகும் தடத்தின் ஏற்றம் அதில் பாதியை, அதாவது 20 சதவீதத்தை, தாண்டக்கூடாது. முழுத் தடத்துக்கும் சராசரி 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. பாதியைத் தாண்டினால் மழைநீர் தடத்தைக் குறுக்கே கடக்காமல் தடத்தோடேயே இறங்கும், இரண்டு மழைக்காலத்தில் அது ஓடையாகிவிடும். தடத்தின் தளம் வெளிப்பக்கம் ஐந்து சதவீதம் சாய்ந்திருக்க வேண்டும். நாலு அடி அகலத்தில் இது இரண்டரை அங்குலத்துக்கும் குறைவு, கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் சரிவை அளக்கும் க்ளினோமீட்டர் இல்லாமல், தடம் போகும் வழியைக் குறிக்கக் கொடி ஊன்ற வருகிறவர்களை நான் திருப்பி அனுப்புகிறேன். அங்கங்கே தடம் சற்று இறங்கி மறுபடி ஏற வேண்டும், அந்தப் பள்ளத்தில் தண்ணீர் வெளியேறிவிடும்.

மழை பெய்யும்போது ஒருமுறை உங்கள் தடத்தில் நடந்து பாருங்கள். சக்கரம் ஓடி ஓடி நடுப்பகுதி அமுங்கியிருக்கும், தள்ளப்பட்ட மண் வெளி விளிம்பில் விரற்கடை உயரத்துக்கு ஒரு வரப்பாக நிற்கும். அந்தச் சின்ன வரப்பு போதும். வெளியேற வேண்டிய தண்ணீர் அதைத் தாண்ட முடியாமல் தடத்திலேயே ஓடும். அடுத்த பள்ளத்திலோ சருகும் வண்டலும் அடைத்திருக்கும். மெக்லியட் என்று ஒரு கருவி, ஒருபக்கம் பரம்புப் பல், மறுபக்கம் வெட்டும் தகடு. அதை வைத்து வரப்பைச் சுரண்டி வெளியே இழுத்துவிட்டு, பள்ளத்தின் வாயைத் திறந்துவிட்டால் தண்ணீர் அப்போதே உங்கள் கண் முன்னால் திரும்பும். இரண்டு பேர் அரைநாளில் நிறைய தூரம் முடித்துவிடலாம். இதை விட்டுவிட்டு நாலு வருடம் கழித்து இயந்திரம் கொண்டுவந்து தடத்தையே மாற்றிப் போட்டால் மைலுக்குப் பல்லாயிரம் டாலர் ஆகும்.

ஆனால் பள்ளம் தூர்வார யார் காசு கொடுப்பார்கள்? நன்கொடையாளருக்குப் புதுத் தடம் வேண்டும், ரிப்பன் வேண்டும். அர்கன்சாவின் பென்டன்வில்லைக் காட்டி, “எங்களுக்கும் ஒரு வால்டன் குடும்பம் கிடைத்தால்” என்று பெருமூச்சு விடுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். வால்மார்ட் நிறுவனரின் குடும்பமும் அவர்களது அறக்கட்டளையும் அங்கே கொட்டிய பணம் எல்லா ஊருக்கும் வராது, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். ரிக்ரியேஷனல் டிரெயில்ஸ் பணத்தைப் பராமரிப்புக்கும் கேட்கலாம் என்பது பல சங்கங்களுக்குத் தெரியவே தெரியாது. புதுத் தடத்துக்குப் பணம் கேட்கும்போதே பராமரிப்புக்கு ஒரு பங்கைத் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள், அதை நிர்வாகக் குழுத் தீர்மானமாகவே எழுதி வையுங்கள்.

என் பார்வையில் நன்றாக நடக்கும் ஏற்பாடு கனடாவில் வான்கூவருக்கு வடக்கே உள்ள நார்த் ஷோர் மவுண்டன் பைக் அசோசியேஷனுடையது. அங்கே தடங்களைத் தத்துக் கொடுக்கிறார்கள். ஒரு நிறுவனம் ஒரு தடத்தின் பராமரிப்புக்குப் பணம் தரும், அந்தத் தடத்துக்கென்று அனுபவமுள்ள பொறுப்பாளர் இருப்பார், வேலை நாட்களும் நடக்கும். நன்கொடையாளருக்குத் தன் பெயர் தடத்தில் தெரிகிறது, சங்கத்துக்கு வருடாவருடம் காசு வருகிறது. இதை நீங்கள் செய்வதானால் ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்குப் போடாதீர்கள், மூன்று வருடம் கேளுங்கள். முதல் வருடம் பெயர்ப்பலகைக்கும் கருவிக்கும் போய்விடும். தடத்தில் எந்த இடம் ஒவ்வொரு மழைக்கும் அடைத்துக்கொள்கிறது என்பது இரண்டாவது வருடம்தான் பொறுப்பாளருக்குப் பிடிபடும். மூன்றாவது வருடத் தொகையில் அந்த இடங்களை நிரந்தரமாகச் சரிசெய்ய ஒரு வரி சேர்த்து, எந்த மாதத்தில் அந்த வேலை என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.