'வேண்டுமா?' என்று கேட்டால் 'வேண்டும்' என்றுதான் சொல்வார்கள்

போன வாரம் செயலி கட்டும் இன்னொரு குழு என்னிடம் வந்தது. இந்த வருடத்தில் மூன்றாவது. செயலியில் மாதச் செலவை வரைபடமாகக் காட்டட்டுமா என்று சர்வே எடுத்தார்களாம். முக்கால்வாசிப் பேர் 'வேண்டும்' என்று டிக் அடித்தார்களாம். நாலு மாதம் உழைத்து வெளியிட்டார்கள். அந்தப் பக்கத்தைத் திறப்பார் இல்லை. "கஸ்டமர் பொய் சொல்லிட்டாங்க சார்" என்கிறார்கள்.

யாரும் பொய் சொல்லவில்லை. சும்மா கிடைப்பதை எவர் வேண்டாம் என்பார்? நீங்கள் கேட்டது விருப்பத்தை அல்ல, மரியாதையை. ஒன்றைப் பெற இன்னொன்றை விடும்போதுதான் விருப்பம் வெளியே வரும். பத்து வசதிகளைக் காட்டி ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டால் பத்துக்கும் நாலு, நாலரை வந்து நிற்கும். அதை வைத்துக்கொண்டு எதைக் கட்டுவது, எதை விடுவது? நான்கு நான்காகக் காட்டி, மிக முக்கியம் எது, இல்லாவிட்டாலும் ஓடும் எது என்று கேளுங்கள். மேக்ஸ்டிஃப் (MaxDiff) என்ற ஆய்வு முறை இவ்வளவுதான்.

ஜப்பானியப் பேராசிரியர் நொரியாக்கி கானோவின் முறை 1984இலிருந்தே இருக்கிறது. ஒரு வசதிக்கு இரண்டு கேள்வி: இருந்தால் எப்படி, இல்லாவிட்டால் எப்படி? எல்லாரும் முதல் கேள்வியோடு எழுந்துவிடுகிறார்கள். இந்தக் குழுவின் பயனர் ஒருவரிடம் இரண்டாவதை நானே கேட்டேன். "இல்லாட்டி என்ன, இத்தனை நாள் இல்லாமத்தானே ஓடுச்சு? அதை விடுங்க, பழைய பில்லைத் தேடினா கிடைக்க மாட்டேங்குது." தேடல் பற்றி சர்வேயில் ஒரு வரி கிடையாது.

பெரியவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். 1985இல் கோகோ கோலா சுமார் 2 லட்சம் பேரிடம் ருசி பார்க்கச் சொல்லித்தான் புதிய கலவையைக் கொண்டுவந்தது. பழையதை எடுத்துவிட்டால் எவ்வளவு கோபம் வரும் என்பது அந்த ருசிச் சோதனையில் பிடிபடவில்லை. 79 நாளில் பழையது திரும்பி வந்தது.

சரி, இனியாவது. ஒருவர் ஒரு வசதி கேட்டால், கடைசியாக எப்போது அது இல்லாமல் திண்டாடினீர்கள் என்று கேளுங்கள். யோசிக்க ஆரம்பித்தால் அது அவசரத் தேவை இல்லை என்று குறித்துக்கொண்டு நகருங்கள். செயலியை விட்டுப் போனவர்களையும் தேடிப் பிடித்துக் கேளுங்கள். விற்பனைப் பிரிவு தூக்கிக்கொண்டு வரும் ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளர் சந்தை அல்ல. (இதைச் சொல்லித்தான் எனக்குப் பல கூட்டங்களுக்கு அழைப்பு வருவதில்லை.)

அப்புறம் ஒரு வேண்டுகோள். ஒரு வசதியைக் கட்டுவதற்கு முன் அதன் பொத்தானை மட்டும் செயலியில் வைத்து எத்தனை பேர் அழுத்துகிறார்கள் என்று இரண்டு வாரம் எண்ணிப் பாருங்கள். அழுத்தியவரிடம் 'இது இன்னும் தயாராகவில்லை' என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள்.