யூவி ஃபில்டர் உங்கள் கண்ணைக் காப்பாற்றாது

இந்த வாரம் மறுபடியும் ஒரு தம்பி. பெங்களூருக்குப் பக்கத்தில் இருக்கும் ஹெசரகட்டா புல்வெளிக்கு சூரிய அஸ்தமனம் எடுக்கப் போயிருக்கிறார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய டிஎஸ்எல்ஆர், 70-300 ஜூம். மறுநாள் ஆபீஸில் ஒவ்வொரு வார்த்தையிலும் நடுவில் ஓர் எழுத்து காணவில்லை. அல்சூரில் என் கிளினிக்குக்கு வந்து உட்கார்ந்ததும் அவர் சொன்னது: "சாயங்கால வெயில்தானே டாக்டர்? யூவி ஃபில்டர் வேற மாட்டியிருந்தேன்."

இந்தப் பதிலை நான் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். ஸ்கேனில் அவருடைய வலது கண் விழித்திரையின் நடுப்புள்ளியில், வெளிப்புற அடுக்கில், சின்னதாக ஓர் அறுபட்ட இடம். கேமராவின் பார்வைத் துளையில், அதாவது வியூஃபைண்டரில், வைத்த கண் அது.

முதலில் அந்த ஃபில்டர் விஷயத்தை முடித்துவிடுகிறேன். யூவி ஃபில்டர் என்பது புறஊதாவைத் (யூவி) தடுக்க லென்ஸ் முன்னால் மாட்டும் ஒரு தெளிவான கண்ணாடி வட்டம், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அது ஏறக்குறைய முழுவதுமாக உள்ளே விடுகிறது. விடாவிட்டால் உங்கள் படமே இருண்டு போயிருக்கும். விழித்திரையை முக்கியமாகக் கெடுப்பது, தெரிகிற அந்த வெளிச்சத்தின் நீலப் பகுதி. சுமார் 400 முதல் 500 நானோமீட்டர் வரை. பெரியவர்களின் கண்ணில் கருவிழியும் லென்ஸும் புறஊதாவின் பெரும்பகுதியைத் தாமாகவே தடுத்துவிடுகின்றன. ஆக, கண் ஏற்கெனவே தடுக்கிற ஒன்றைத் தடுக்கக் காசு கொடுக்கிறீர்கள், கெடுக்கிற வெளிச்சம் அப்படியே உள்ளே வருகிறது. விலை கூடிய ஃபில்டர் வாங்கினாலும் இதே கதைதான். பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரும் கூலிங் கிளாஸும் இதற்கு உதவாது. வெளிச்சத்தைக் குறைக்கும் கருப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டர் இன்னும் ஆபத்து: கண் கூச்சம் குறைவதால் அதிக நேரம் பார்ப்பீர்கள், பல என்டி ஃபில்டர்கள் அகச்சிவப்பைச் சரியாகத் தடுப்பதும் இல்லை. படத்துக்காகச் செய்த ஃபில்டர் படத்துக்கு மட்டும்தான்.

அடுத்தது 'சாயங்கால வெயில்'. தோலில் சுடவில்லை, காற்று சிலுசிலுவென்று அடிக்கிறது, அதனால் கண்ணுக்கும் ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறார்கள். விழித்திரையில் வலி உணரும் நரம்பு கிடையாது. கெடும்போது உங்களுக்கு எதுவும் தெரியாது. பார்க்கும் நேரம் கூடக்கூடச் சேதமும் சேர்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் பத்து முறை பார்த்தாலும் கணக்கு கூடிக்கொண்டேதான் போகும்.

பெங்களூரின் அட்சரேகை 13 டிகிரி. இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்கும். மறைவதற்கு அரை மணி முன்னால் அது ஏழு டிகிரி உயரத்தில் இருக்கும், ஒரு மணி முன்னால் பதினாலு. அடிவானத்தைத் தொடுகிற கடைசி நிமிடங்களில் காற்றின் தடிமன் நீலத்தைச் சிதறடித்துவிடுவதால் ஆபத்து வெகுவாகக் குறையும், உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் மட்டும் யார் வியூஃபைண்டரில் பார்க்கிறார்கள்? ஒரு மணி முன்னாலேயே போய் ஃபிரேம் பார்த்து, ஃபோகஸ் பார்த்து, அந்த நேரத்தில்தான் கண் கெடுகிறது. மார்ச் மாதத் தூசியில் சூரியன் சீக்கிரமே சிவந்துவிடும். மழை ஓய்ந்த அக்டோபர் வானத்தில் அடிவானம் வரை கண்ணைப் பறிக்கும். கடிகாரத்தை நம்ப முடியாது.

ஜூமின் கதையும் சொல்கிறேன். வெறும் கண்ணில் சூரியனின் பிம்பம் விழித்திரையில் சுமார் 0.16 மில்லிமீட்டர். 300-ல் வைத்து அந்தத் தம்பியின் கேமராவில் இருப்பது போன்ற ஆப்டிக்கல் வியூஃபைண்டரில் (லென்ஸ் வழியே வரும் வெளிச்சமே நேராகக் கண்ணுக்கு வரும் வகை) பார்த்தால் அது ஏறக்குறைய ஐந்து மடங்கு விரியும். எழுத்து படிக்கும் நடுப்பகுதியே அதற்குள் அடங்கிவிடும். 2019 டிசம்பர் 26 கிரகணத்துக்கு ஊரே சூரியக் கண்ணாடி தேடியது. அந்த அக்கறையை ஒரு சாதாரண சாயங்காலத்திலும் காட்டக் கூடாதா?

படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. சூரியன் ஃபிரேமுக்குள் இருந்தால் லைவ் வியூவைப் போட்டு பின்பக்கத் திரையில் பாருங்கள். மிரர்லெஸ் கேமராவின் வியூஃபைண்டரும், போனும் திரைதான், கண்ணுக்குப் பயமில்லை. கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சாருக்குத்தான் பயம். ஷாட்டுக்கு ஷாட் லென்ஸ் மூடியைப் போடுங்கள், ஜூமைச் சூரியனுக்கு நேரே திருப்பி ட்ரைபாடில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

ஜூமே தேவையில்லை, கேளுங்கள். 18-55 கிட் லென்ஸ் போதும். ஒற்றை மரமோ ஏரிக்கரையோ முன்னால் வைத்து, சூரியனுக்குப் பக்கத்து வானத்தில் எக்ஸ்போஷரை அளந்து பூட்டுங்கள். ஐஎஸ்ஓ 100, எஃப் 8. நிறத்தைச் சரிக்கட்டும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள், ஆரஞ்சைக் கழுவிவிடும். டேலைட்டிலோ க்ளவுடியிலோ வையுங்கள். சூரியன் போனதும் மூட்டை கட்டாதீர்கள், தயவுசெய்து. நல்ல நிறம் பெரும்பாலும் அதற்குப் பிந்தைய இருபது நிமிடத்தில்தான் வருகிறது. அப்போது வியூஃபைண்டரில் ஆசை தீரப் பாருங்கள். திரும்பும்போது டார்ச் இருக்கட்டும், புல்வெளியில் பாம்பு உண்டு.

பார்த்த சில மணி நேரத்திலோ மறுநாளோ நடுவில் ஒரு புள்ளி மங்கினால், கதவு நிலையோ டைல்ஸ் கோடோ வளைந்து தெரிந்தால், ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். இரண்டும் திறந்திருந்தால் நல்ல கண் குறையை மறைத்துவிடும். மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கி ஊற்ற வேண்டாம். இதற்கு நிரூபணமான மருந்து இல்லை. ஸ்டீராய்டு சொட்டு கண் அழுத்தத்தை ஏற்றிவிடவும் கூடும். பலருக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் பார்வை தேறுகிறது. சிலருக்கு அந்தப் புள்ளி அப்படியே தங்கிவிடுகிறது, யாருக்குத் தங்கும் என்று முதல் நாளில் என்னால் உறுதி சொல்ல முடிவதில்லை.

ரெட்டினா பார்க்கும் மருத்துவரிடம் வரும்போது கேமராவையும் எடுத்து வாருங்கள். எத்தனை மணிக்கு, எந்த ஜூமில், எவ்வளவு நேரம் எடுத்தீர்கள் என்பது படங்களிலேயே பதிவாகியிருக்கும். உங்கள் ஞாபகத்தைவிட அது எங்களுக்கு அதிகம் உதவும்.